கடுகளவு செப்பும் கலப்படப் பேச்சும்

என் கொட்டகைக்கு யார் வந்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பேன். முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது. திருவொற்றியூரில் தொழில் செய்கிறவன் காலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இல்லாவிட்டால் துருப்பொடி இருக்கும். அந்தப் பெண் வந்து நின்றபோது காலில் துடைத்துவைத்த மாதிரி செருப்பு. ரயிலடியிலிருந்து என் கொட்டகைவரை சேற்றில் நடந்து வந்தவளின் செருப்பு எப்படி அத்தனை சுத்தமாக இருக்கும்? வாசல் குழாயில் கழுவிவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். கழுவிவிட்டு வருகிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, இல்லை, நான் அதை விட்டேன். ராயபுரத்தில் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் பெயின்ட் சுரண்டினேன். மோட்டாருக்கும் பம்புக்கும் ஒட்டுகிற பெயர்த்தகடு எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். தகட்டில் எது வேண்டுமோ அதை மூடிவைத்து, மீதியை ரசாயனத்தில் அரிக்க விடுகிற வேலை. பிறகு அதே வித்தையை மின்சாரப் பலகைக்குக் கொண்டுபோனேன். எண்ணூரிலிருந்து மணலிவரை எத்தனையோ தொழிற்சாலைகளில் ஓடிய கன்ட்ரோல் போர்டுகளுக்கு செப்புக்கோடு போட்டது என் கைதான். எவனிடமும் போய் நின்றதில்லை. எல்லாரும் என்னிடம் வந்து நின்றார்கள்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. இந்த வட்டாரத்தில் செப்பு என்றால் கைக்குக் கை மறையும். காலையில் வைத்த கம்பிச்சுருள் மாலையில் இருக்காது. பெரிய கம்பெனியின் பெயர் போட்டுப் போலித் தகடு அடித்துக் கொடு என்று என்னிடமே ஆட்கள் வந்திருக்கிறார்கள். வந்த வழியே அனுப்பினேன். என்னிடம் கொடுத்த சரக்கில் ஒரு துண்டு குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பெண் வருகிறவரை.

எல்லார் கையிலும் செல்போன் வரத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. அவள் பையிலிருந்து, பலகையில் போடவேண்டிய கோடுகள் அச்சான ஒரு ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும் படம். அதற்குள் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றும் கடுகளவு. எல்லாவற்றையும் மயிரிழைக் கோடுகள் கிளைவிட்டு இணைத்திருந்தன.

"எங்க வைக்கணும் ரெசிஸ்டர், ஐசி எல்லாம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வைக்க வேண்டாம் சார். இவ்வளவுதான்."

"ஒண்ணுமே வைக்காம இன்னாம்மா வேலை செய்யும்?"

"இது ஆன்டெனா சார். இந்தச் செப்புச் சதுரம்தான் அலையை அனுப்பும்."

ஆன்டெனா என்றால் எனக்குத் தெரியாதா? மொட்டை மாடியில் காக்கை உட்காருகிற கம்பி. மீன்பிடி விசைப்படகில் ஆளுயரத்துக்கு நிற்கிற குச்சி. இது கடுகு. என்னைச் சோதிக்கிறாளா, வேறு எதற்கோ என் கையைப் பயன்படுத்தப் பார்க்கிறாளா? துறைமுகத்துக்குப் பக்கத்தில் தொழில் செய்கிறவனுக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு.

அவளை உட்காரவைத்துத் துருவினேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக இந்த ஆன்டெனாவை வடிவமைக்கிறாள். எண்ணூர் சாலையில் கன்டெய்னர்கள் அடுக்குகிற ஒரு யார்டில் கேட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே கேபிள் போட்டால் டிரெய்லர்கள் ஏறி அறுத்துவிடுகின்றன. கேட்டில் இருக்கிற கேமரா படத்தைக் கம்பி இல்லாமல் ஆபீஸுக்கு அனுப்பிக் காட்டினால், யார்டு மேனேஜர் இவளுடையதை எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் வெளிநாட்டுச் சரக்கு வாங்கிவிடுவார்.

"மில்லிமீட்டர் அலைன்னு சொல்லுவாங்க சார். அலையே அரைச் சென்டிமீட்டர்தான். அதான் சதுரமும் இத்தனூண்டு. ஆனா இந்த அலையைக் காத்தே தின்னுடும். அதனால பலமா, ஒரே பக்கமா அனுப்பணும்."

"காத்தே தின்னுட்ற சமாச்சாரத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"தூரமாப் போகாதுல்ல, அதுதான் நல்லது. பக்கத்து யார்டுக்காரனுக்கு இடைஞ்சல் இல்ல, யாரும் ஒட்டுக் கேக்கவும் முடியாது."

யாரும் ஒட்டுக் கேட்க முடியாதாம். சொல்லுங்கள், இதைக் கேட்ட பிறகு எவனுக்காவது நம்பிக்கை வருமா? சோதனைக்கு அனுமதி இருக்கிறது என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். முழுக்க இங்கிலீஷ். நான் படிப்பது போலத் தலையாட்டிவிட்டு, எண்ணூரில் எனக்குத் தெரிந்த டிரெய்லர் ஓட்டுநர் ஒருவரை விட்டு அந்த யார்டில் விசாரித்தேன். அவள் சொன்னது நிஜம்தான் என்று தெரிந்த பிறகே வேலையைக் கையில் எடுத்தேன்.

ஒரு சதுரம் தனியாக இருந்தால் விளக்கு மாதிரி எல்லாப் பக்கமும் சிதறுமாம். அறுபத்து நான்கும் சேர்ந்து ஒரே தாளத்தில் இழுத்தால் டார்ச் மாதிரி ஒரே பக்கம் போகுமாம். கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அது எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒருத்தன் முன்னே இழுத்து இன்னொருத்தன் பின்னே இழுத்தால் வலை கோணிக்கொள்ளும். ஒவ்வொரு சதுரத்துக்கும் அலை ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அவள் கோடுகளை அத்தனை பாடுபட்டுக் கிளைபிரித்திருந்தாள். பலகையைப் பெரிதாக்கினால் பலம் கூடும், ஆனால் கோடுகள் நீண்டு வழியிலேயே பாதியைக் குடித்துவிடும். சின்னதாகவும் வேண்டும், பலமாகவும் வேண்டும், இரண்டுக்கும் நடுவில்தான் தன் வடிவம் நிற்கிறது என்றாள்.

பலகை செய்ய அவள் கொடுத்த ஷீட்டு சாதாரணமானது இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தது. நடுவில் காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமனான வெள்ளைப் பொருள், இரண்டு பக்கமும் செப்பு. தொட்டால் மெழுகு மாதிரி வழுக்கும். "இதே ஷீட்டுலதான் சார் பண்ணணும்" என்று அழுத்திச் சொன்னாள். நான் ஷீட்டை மாற்றிவிடுவேன் என்று அப்போதே அவள் மனதில் ஒரு ஓரம் ஓடியிருக்க வேண்டும். அதை நானும் கவனித்தேன்.

அந்த மயிரிழைக் கோடுகளை அரித்து எடுக்க இந்த வடசென்னையில் வேறு எவனாலும் முடிந்திருக்காது. கொஞ்சம் அதிகம் விட்டால் கோடு காணாமல் போகும். கொஞ்சம் முன்னே எடுத்தால் பக்கத்துக் கோட்டோடு ஒட்டும். ரசாயனத் தட்டைக் கையில் பிடித்து நானே ஆட்டினேன். பலகைகள் பளபளவென்று வந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், சிரித்தாள், வாங்கிக்கொண்டு போனாள். அலையை அளக்கிற கருவி பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதாம். முறை கேட்டுக் காத்திருந்து அளக்க வேண்டுமாம்.

சில வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். இந்தத் தடவை செருப்பைக் கழுவவில்லை.

"சார், நான் குடுத்த ஷீட்டு எங்க?"

"இன்னாம்மா கேக்கற? அத்ததான் போர்டா பண்ணிக் குடுத்தேனே."

"இது அந்த ஷீட்டு இல்ல. எந்த அலைவரிசையில வேலை செய்யணுமோ அதுல செய்யல. எல்லாமே கீழ இறங்கியிருக்கு. அதுலயும் ஒண்ணு ஒரு அளவு, இன்னொண்ணு வேற அளவு. ஒரே ஷீட்டுல வெட்டியிருந்தா எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கணும்? இதே மாதிரி வெள்ளையா, மலிவா வேற ஷீட்டுங்க இருக்கு. எனக்குத் தெரியும்."

நான் பேச வாயெடுப்பதற்குள் பலகைகளையெல்லாம் என் மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டாள். யார்டில் காட்டவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் நிலைமை அவளுக்கு. ஆனால் என் நிலைமை? என்னை நடுக்கொட்டகையில் நிற்கவைத்துத் திருடன் என்கிறாள். அதுவும் எப்போது? பக்கத்து லேத்துக் கடைக்காரன் டீ டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருக்கிறபோது.

அவன் என் பழைய தோஸ்து. லேத்து மெஷினில் இரும்பைக் கடைவதைவிட வாயில் ஊரைக் கடைகிற ஆள். அன்று சாயங்காலமே டீக்கடையில் என்னை வரவேற்றான்.

"வா மாமு. இன்னா, ஷீட்ட மாத்திட்டியாமே?"

"எவன்டா சொன்னது?"

"நான் சொல்லல. அந்தப் பொண்ணு சொல்லிச்சி, நான் காதால கேட்டேன். மத்தவங்களாண்ட சொன்னது மட்டும்தான் நானு."

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படித்தான் இந்த வட்டாரத்தில் ஒருத்தன் பெயர் போகும். இன்றைக்குச் சிரிப்பார்கள். நாளைக்கு எண்ணூரில் ஒரு ஸ்டோர்காரர் போர்டு அனுப்புவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பார். நாளை மறுநாள் வேறு இடத்துக்கு அனுப்புவார். கப்பலில் பெயின்ட் சுரண்டினவன் கட்டின பெயர் டீ ஆறுவதற்குள் சுரண்டப்பட்டுவிடும்.

வீட்டுக்குப் போய் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். முதலில் அவளையே. வடிவத்தில் தப்பு செய்துவிட்டு என் தலையில் கட்டுகிறாளோ? பிறகு லேத்துக்காரனை. நான் சாப்பிடப் போகிற நேரத்தில் கொட்டகை சாவி அவனிடம்தான் இருக்கும். கடைசியில், வாயால் சொல்ல மனம் வராத ஒருவரை. ஆரம்ப நாளிலிருந்து என்னோடு வேலை செய்கிற வியாசர்பாடி அம்மா. அரித்த பலகையைக் கழுவி, காயவைத்து, கட்டிக் கொடுப்பது வரை எல்லாம் அவர் கை. மகள் கல்யாணம் வேறு பேசிக்கொண்டிருந்தார். அந்த நினைப்பு வந்த பிறகு இரண்டு நாள் அவர் கொடுத்த தண்ணீரைக்கூட நிமிர்ந்து பார்த்து வாங்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாண்ணா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? நான் எட்த்தேன்னு நெனக்கிறியா? நேராக் கேளு."

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"சொல்லாத. பாத்துக்கினே இரு. கண்ணு வலிக்கறவரிக்கும் பாரு."

நல்ல யோசனையாகப் பட்டது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பினேன். மிச்சமிருக்கிற ஷீட்டைக் கொண்டு வா. உன் கையாலேயே வெட்டிக் கொடு. முதலிலிருந்து கடைசிவரை என் கொட்டகையிலேயே குந்திப் பார். ஷீட்டு எங்கே மாறுகிறது என்று நீயே கண்டுபிடி.

வந்தாள். இரண்டு ஸ்டூல் போட்டேன். ஒன்றில் அவள், எதிரே நான். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் வியாசர்பாடி அம்மாவைப் பார்த்தோம். அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, "போலீஸ் ஸ்டேசன்ல கூட இப்டி குந்த மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

ஷீட்டைத் துடைத்தார். பின்பக்கச் செப்பு அரிக்காமலிருக்க டேப் ஒட்டினார். ஒளி பட்டால் இறுகுகிற மருந்து பூசி, ஃபிலிமை வைத்து, விளக்குப் பெட்டியில் வைத்தார். அவள் எழுந்து போய் ஃபிலிமின் மூலையைச் சரிபார்த்துவிட்டு வந்தாள். நான் தட்டை ஆட்டினேன். அவள் கண் தட்டை விட்டு நகரவில்லை. அம்மா தண்ணீரில் அலசினார், காயவைத்தார். அவள் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, "கோடெல்லாம் சரியாத்தான் இருக்கு. அதே ஷீட்டுதான்" என்று முனகினாள். எனக்கு உள்ளே குதித்தது. ஆனால் அவள் முகத்தில் சந்தேகம் தீரவில்லை. தீராததும் நியாயம்தான். இன்று கண்முன்னால் மாறவில்லை என்றால், அன்று மாறவில்லை என்று ஆகிவிடுமா?

அப்போது அம்மா அலமாரியிலிருந்து வழக்கம்போல டப்பாவை எடுத்து, பிரஷ்ஷைத் தோய்த்து, பலகைமேல் ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஐயோ! என்னம்மா பண்றீங்க?" அவள் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"வார்னிசும்மா. பூசாம எப்டி அனுப்பறது?"

"யாரு பூசச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? உப்புக்காத்து இல்ல? அப்டியே வுட்டா ஒரு வாரத்துல செப்பு கருத்து கலீஜாப் பூடும். நம்ம கொட்டாயிலருந்து போற எல்லாத்துக்கும் பூசறதுதான்."

அது என் சட்டம். கடல் எங்கள் கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில். இங்கே இரும்புக் கதவு மூன்று மழைக்குத் தாங்காது. அதனால்தான் கண்ணாடி மாதிரி நிறமில்லாத வார்னிஷ் பூசாமல் ஒரு பலகையும் என் வாசலைத் தாண்டாது. என் போர்டுகள் மற்றவன் போர்டைவிட நீண்ட நாள் உழைத்ததற்குக் காரணம் அந்த டப்பா. கேட்காமலேயே செய்கிற உபகாரம். எந்த வாடிக்கையாளரிடமும் இதைச் சொன்னதே இல்லை. சொல்லவேண்டிய தேவையும் வந்ததில்லை.

அவள் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "நான் புதுச் செப்புன்னு நெனச்சேன், அதான் பளபளன்னு இருக்குன்னு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடிக்கிற ரேடியோவுக்கெல்லாம் இந்த வார்னிஷ் இருப்பதே தெரியாது. ஆனால் அரைச் சென்டிமீட்டர் அலைக்கு அது ஒரு போர்வை. சதுரத்தின்மேல் போர்வை விழுந்தால் அது எழுப்புகிற சுருதி கீழே இறங்கும். பிரஷ்ஷால் பூசும்போது ஒரு பலகையில் கனமாக, இன்னொன்றில் மெலிசாக விழுகிறது. அதனால் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு இறங்கியிருக்கிறது. வேறு ஷீட்டில் செய்தால் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படியே.

"அப்ப பழைய போர்டையெல்லாம் தின்னர்ல கழுவு. எட்த்துக்கினு போயி மறுபடி அள. அதே ஷீட்டுன்னா சரியா வரும். நான் மாத்தியிருந்தா வராது. சரிதானே?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரிதான் சார்."

அம்மாவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவினார். "பூசறதும் நானு, கழுவறதும் நானு. பேஜாரு" என்று சொல்லிக்கொண்டே. உப்புக்காற்று படாமலிருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடிக் கொடுத்தோம்.

பெங்களூரிலிருந்து அவள் போன் செய்கிற வரை நான் டீக்கடைப் பக்கம் போகவில்லை. போன் வந்தபோது, "எல்லாம் ஒரே அலைவரிசையில வந்து நிக்குது சார், நான் கணக்குப் போட்ட இடத்துலயே" என்றாள். சந்தோஷத்தில் வேறு என்னவோ டிகிரி, டெசிபல் என்று அடுக்கினாள். நான் ஒன்றுதான் கேட்டேன். "இத்த என்னாண்ட சொன்னா போதுமா?" அவள் யார்டில் காட்டுகிற தேதியைச் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

யார்டில் காட்டுகிற அன்று காலையில் ஆட்டோ பிடித்தேன். லேத்துக்காரனை மெஷினை நிறுத்தச் சொல்லி ஏற்றிக்கொண்டேன்.

"நான் எதுக்கு மாமு?"

"ஊருக்கெல்லாம் நீதானே சேதி சொல்ற. பாதி தெரிஞ்சிக்கினு சொல்லாத. முயுசாப் பாரு."

கேட்டின் மேல் ஒரு கம்பத்தில் பெட்டி. எதிரே ஆபீஸ் மொட்டை மாடியில் இன்னொரு பெட்டி. உள்ளே என் பலகைகள், வார்னிஷ் இல்லாமல். உப்புக்காற்று நுழையாதபடி ரப்பர் வைத்து இறுக்கி, அலை தடைபடாத மெல்லிய மூடி ஒன்றை அவளே அளவெடுத்துப் போட்டிருந்தாள். மேனேஜர் தூத்துக்குடிப் பக்கத்து மனிதர், வெள்ளைச் சட்டை. மாடியிலேயே வைத்திருந்த டிவி பெட்டியில் கேட்டும், நுழைகிற டிரெய்லரும் தெரிந்தன.

மேனேஜர் டிவியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். "எங்கயாவது ஒயர் ஒளிச்சி வச்சிருக்கீங்களா?"

லேத்துக்காரன் அவரையும் மிஞ்சினான். மாடியின் சுவரோரம் முழுக்கக் கையால் தடவி, கைக்கு எதுவும் அகப்படாமல், கடைசியில் அந்தப் பெட்டிக்கு நேர் எதிரே போய் நின்று கீழே எட்டிப் பார்த்தான். டிவியில் படம் நின்றுவிட்டது. மேனேஜர் சத்தம் போட்டார். அவன் நகர்ந்தான், படம் வந்தது. மறுபடி நின்றான், போனது.

"இன்னாடா இது, ஒடம்பு தடுக்குது!" என்று தன் வயிற்றையே தட்டிப் பார்த்துக்கொண்டான்.

ஒயர் இருந்தால் வயிறு தடுக்குமா? மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் வியாபாரி அல்லவா, அடுத்த கேள்வி கேட்டார். "ஆன்டெனா எங்கம்மா செஞ்சது? பெங்களூரா?"

"திருவொத்தியூர்ல சார்."

"இங்கயா?" அவர் முகம் சுருங்கியது. "இந்த ஏரியாவுல நல்ல சரக்க உள்ள குடுத்தா வேற சரக்குதான் வெளிய வரும். எத்தன பாத்திருக்கேன். இன்னிக்கு நல்லா ஓடும், நாளைக்கு இதையே நூறு கேட்டா?"

லேத்துக்காரன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை மழுப்பினால் போதும். வேறு இடத்தில் செய்துகொள்கிறேன் என்று சொன்னால்கூட மேனேஜர் ஒத்துக்கொள்வார், அவள் வேலை முடிந்துவிடும். அப்படித்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிஷம்வரை அவளை நான் நம்பவில்லை.

"சார், நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றாள். "இவர்கிட்ட போய் ஷீட்ட மாத்திட்டீங்கன்னு நாலு பேர் முன்னாடி சொன்னேன். மாத்தல. நான் குடுத்த ஷீட்டு அப்படியே திரும்பி வந்திருக்கு, அளந்து பாத்துட்டேன். நூறு கேட்டீங்கன்னா நூறும் இவர்கிட்டதான் பண்ணுவேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பி முதன்முறையாக என் காலைப் பார்த்தார். துருப்பொடி, ரசாயனக் கறை, எல்லாம் இருந்தன. நாற்காலி போடச் சொன்னார்.

நான் உட்காரவில்லை. "இன்னொரு தரம் சொல்லும்மா" என்றேன். "இவன் லேத்துக் கடைக்காரன், காது கொஞ்சம் மந்தம்."

"கேட்டுச்சி மாமு, கேட்டுச்சி" என்றான் அவன். "டீக்கடைல நானே சொல்லிட்றேன், வுடு."

"நீ சொல்லாத. நீ சொன்னா ஒண்ணோட ஒண்ணு சேத்துச் சொல்லுவ. அந்தப் பொண்ணே டீக்கடைக்கு வந்து சொல்லட்டும்."

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். ஆட்டோவில் நடுவில் லேத்துக்காரனை உட்காரவைத்தேன், இறங்கி ஓடிவிடக் கூடாது என்று.